விடு என்று சொல்லும்வரை

வீட்டுக்குப் பக்கத்தில் கார் நிற்பதற்கென்று விட்டிருந்த குறுகலான சந்தில், காலையிலிருந்து கணவனும் மனைவியும் கொஞ்சம் காற்றைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தும்மலுக்குக்கூடக் காணாத காற்று. ஆனால் அது பிரேக் குழாய்க்குள் எங்கேயோ பதுங்கிக்கொண்டு, பெடலைப் பஞ்சு மூட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தது. மிதித்தால் கால் போய்க்கொண்டே இருக்கும். வண்டி நிற்பது அதன் இஷ்டம்.

அவர் டிரைவர். ஒரு கம்பெனியில் பெரிய மனிதர்களை ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை 'நிதானம்' என்பார்கள். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தே அலுத்துப் போவார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாயைக்கூட அவர் இடித்ததில்லை. அவர் மனைவி முன்னறையில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். தெருவுக்கு அவள் தையலம்மா. இந்தப் பழைய காரை வாங்கியபோது, கம்பெனி வண்டி ஒன்று தன் கையில் இருக்கிறதே என்று, பெருமைக்காக இதை அவள் பெயரில் எழுதினார். அன்றிலிருந்து அவர் சந்தோஷமாக இருந்தால் அவள் 'ஓனரம்மா'. இல்லையென்றால் வெறும் 'ஏய்'.

இன்று காலையில் ஓனரம்மாவாகத்தான் ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் ஏய் ஆகிவிட்டாள்.

பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை அடித்து, கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, அங்கே இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகை ஸ்பானரால் கால்வாசிச் சுற்று திருப்பித் திறக்க வேண்டும். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் வழியாக எண்ணெயும் காற்றுக் குமிழிகளும் பாட்டிலுக்குள் இறங்கும். பெடல் தரைக்குப் போனதும் நிப்பிளை மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால், போன காற்று வந்த வழியே திரும்பி உள்ளே ஏறிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

கல்யாணமான புதிதிலிருந்து இந்த வேலையை இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். அவர் கீழே, அவள் மேலே. தையல் எந்திரம் மிதித்த கால் என்பதால் அவளுக்கு அது சுலபமாக வந்தது. அவர் "அடி" என்பார். அவள் அடித்து அழுத்திக்கொண்டு "பிடிச்சாச்சு" என்பாள். திறந்து மூடிய பிறகு அவர் "விடு" என்பார். விடு என்ற சொல் காதில் விழாமல் கால் அசையக் கூடாது. அதுதான் சட்டம். ஒரு தடவை அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை சந்து முழுக்க வந்தும் அவள் காலை எடுக்கவில்லை. எண்ணெய் போக்கில் கவனமாக இருந்த அவர் விடு சொல்ல மறந்துவிட்டார். பாத்திரம் கருகிப் போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். "வீடே எரிஞ்சாலும் இவ காலை எடுக்கமாட்டா. அப்படிப்பட்ட ஆளு."

இந்தத் தடவை இடம் மாறிவிட்டது. போன வருஷத்திலிருந்து அவருக்கு முட்டி மடங்குவதில்லை. குனிந்தால் எழுந்திருக்க ஒரு சுவரும் ஒரு மனைவியும் வேண்டும். அதனால் முதல் முறையாக அவர் சீட்டில் உட்கார்ந்தார். அவள் நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்பானரோடு, இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள்.

"அடிங்க."

பெடல் நாலைந்து முறை முனகியது.

"பிடிச்சாச்சு."

ஸ்பானரைத் திருப்பினாள். குழாயில் எண்ணெய் வந்தது. நடுவில் பாசிமணி கோத்தது போலக் குமிழிகள். மூடினாள்.

"விடுங்க."

"போச்சா?"

"வந்துக்கிட்டே இருக்குங்க. குமிழ் குமிழா."

"எவ்ளோ குடிச்சிருக்கு பாரு சனியன். இன்னொரு தடவ."

இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம் மலைக்கு மேலே, டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தது. மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. இத்தனை நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாத்தாவாகிவிட்டாலும் டிரைவர் தன் பேத்தியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். "கை பாத்தியா? ஸ்க்ரூ டிரைவர் கூடப் பிடிக்க முடியாது, அவ்ளோதான் இருக்கு," என்று பார்த்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்காக வண்டியைக் கழுவி, உள்ளே துடைத்து வைத்தார். தையலம்மா சீருடையில் மிஞ்சிய நீலத் துணியில் பின்சீட்டுக்குப் புது உறை தைத்தாள். எல்லாம் தயாரான பிறகுதான் முந்தாநாள் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரத்தைப் பார்த்தார். சக்கரத்தில் இருக்கும் சின்ன சிலிண்டர் ஒழுகியது. மெக்கானிக் ஊரில் இல்லை, கடையில் பூட்டுத் தொங்கியது. புது சிலிண்டர் வாங்கி வந்து அவரே ஸ்டூலில் உட்கார்ந்து மாட்டிவிட்டார். மாட்டினதில் பிசகில்லை. துளி ஒழுகவில்லை. பாக்கி, திறந்தபோது உள்ளே புகுந்த காற்று ஒன்றுதான்.

மேகம் மூடிக்கொண்டு புழுக்கம் கொன்றது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலையும் ஒரு டீ டம்ளரும் தெரிந்தன. பஸ் கண்டக்டர். யார் எது சொன்னாலும் 'ரைட்டு' என்பதால் அவருக்கு அதுவே பெயர்.

"என்ன தையலம்மா, பிரமோஷனா? ஓனரு கீழ, டிரைவரு மேல?"

"அவருக்கு முட்டி மடங்கலண்ணே. எனக்கு இன்னும் மடங்குது. மடங்கறவங்கதான இந்த வீட்டுல வேல செய்யணும்."

"ரைட்டு."

"என்ன ரைட்டு?" என்றார் டிரைவர் ஜன்னல் வழியாக. "காலையிலேருந்து மிதிச்சு எனக்குத் தொடை வலிக்குது. அவ சொகுசாப் படுத்துட்டிருக்கா."

"அப்ப நானும் ஒரு தலகாணி கொண்டுவந்து போடவா தையலம்மா?"

"தலகாணி வேணாம். அவருக்கு ஒரு வாய்ப்பூட்டு இருந்தாக் குடுங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினார். பிறகு கொஞ்சம் கவலையான முகத்தோடு, "இவ்ளோ நேரம் எடுத்தும் காத்து வருதுன்னா வேற எங்கயோ தப்பு இருக்கு. எனக்கென்னமோ பெடலோட சேந்த மெயின் மாஸ்டர் சிலிண்டரே போயிருக்கும்னு தோணுது. எங்க டிப்போல ஒரு வண்டி இப்படித்தான்."

"உங்க டிப்போ வண்டில பிரேக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"ஹாரன் இருக்கு. அத வச்சுதான் ஓடுது."

"மாஸ்டர் சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன்," என்றார் டிரைவர். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. கண்டக்டருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். ரைட்டு என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டார்.

முன்னறையில் போன் அடித்தது. தையலம்மா எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்துவந்து, சத்தமாகப் பேசும்படி அழுத்தி, அவர் ஜன்னலோரம் நீட்டினாள். மகள்.

"அப்பா, வண்டி ரெடியா?"

"கிட்டத்தட்ட. அம்மாகிட்ட வேல குடுத்திருக்கேன். அதான் லேட்டு."

"இல்லப்பா, உங்க மாப்பிள்ள கேக்கறாரு, சிரமமா இருந்தா டாக்ஸி சொல்லிடலாமான்னு."

டிரைவர் போனையே ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். "என் பேத்தி மொத மொதல்ல ரோட்டுல வரப்போறா. அதுல அவள எவனோ ஒருத்தன், ஒரு கைல போனு, ஒரு கைல ஸ்டியரிங்குன்னு கொண்டாந்து எறக்குவானா? அந்த எறக்கத்துல? மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அவரு பிள்ளையப் பிடிச்சுக்கட்டும். வண்டிய நான் பிடிச்சுக்கறேன்."

"சும்மா கேட்டாருப்பா. கோவிச்சுக்காதீங்க." மகளின் குரல் மெலிந்தது. "எனக்கும் நீங்க வந்தாதான் தைரியம். நீங்க ஓட்டினா நான் பின்னாடி தூங்கிடுவேன். இங்க வந்து சரியாத் தூங்கவே இல்ல."

"தூங்கு தூங்கு. வீடு வந்ததும் எழுப்பறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "கேட்டியா? நான் ஓட்டினாத்தான் தூங்குவாளாம்."

"கேட்டேன். இப்ப சாப்பிட வாங்க."

சோறும் அவித்த முட்டையும் ஒரு கீரைக் குழம்பும் இருந்தன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே வந்தார். தட்டை வைக்கத் திரும்பிய தையலம்மாவின் பார்வை தரையில் நின்றது.

"இன்னொரு செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக, சந்தின் மண் ஒட்டி இருந்தது.

"வண்டிலயே கழண்டிருக்கும்."

"ஒத்தச் செருப்போட நடந்து வந்தது தெரியலயா? நொண்டி நொண்டி வந்திருக்கணுமே."

"பேத்தி வர சந்தோஷம். தல கால் புரியல," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே கீரையை ஊற்றினாள்.

போன மாதம் அவர் வலது குதிகாலில் ஒரு பெரிய கொப்புளம் இருந்ததை அப்போது அவள் நினைக்கவில்லை. யாருடைய மோட்டார் சைக்கிள் பின்னாலோ உட்கார்ந்து போனபோது சைலன்சர் சுட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பு, கவனமாக இருக்க வேண்டாமா என்று திட்டிக்கொண்டே மருந்து போட்டாள். எரியுதா என்று கேட்டதற்கு, "உன் வாயை விடவா," என்றார்.

சாப்பிட்ட பிறகு மறுபடியும் சாக்கு, ஸ்பானர், பாட்டில்.

"அடிங்க."

"பிடிச்சாச்சு."

திறந்தாள். எண்ணெய் சரசரவென்று இறங்கியது. இறங்கி, நின்றது. நின்ற எண்ணெய் குழாய்க்குள் மெல்லத் திரும்பிச் சக்கரத்தை நோக்கி ஏற ஆரம்பித்தது. எந்திரத்தில் பின்தையல் போடும்போது துணி கையை நோக்கித் திரும்பி வருமே, அது போல. நிப்பிளின் மரையோரத்தில் சின்னதாகச் 'சிக்' என்று ஒரு சத்தம். காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

சட்டென்று மூடினாள்.

"விட்டுட்டீங்களா?"

"நீ சொல்லாம நான் எப்படி விடுவேன்? பிடிச்சிட்டுதான் இருக்கேன்."

"சரி, விடுங்க. இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் எண்ணெய் போய், நின்று, திரும்பியது. அதற்கடுத்த தடவையும். அவள் குழாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து குமிழிகளைத்தான் கவனித்தாளே தவிர, எண்ணெய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. எண்ணெய் பின்னால் வருகிறதென்றால், திறந்திருக்கும்போதே பெடல் மேலே வருகிறது. பெடல் மேலே வருகிறதென்றால் அதன் மேல் கால் இல்லை.

விளையாடுகிறாரா? இந்த விஷயத்தில் விளையாடுகிற ஆள் இல்லை.

நிப்பிளை இறுக மூடிவிட்டு எழுந்தாள். "அடிங்க," என்று சொல்லிக்கொண்டே, காரின் இடது பக்கமாக, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பெடலை அடிக்கிற சத்தம் கேட்டது. முன்ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே, சந்தின் முடிவில் தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டும்போது இருக்கும் அதே முகம். கெண்டைக்கால் சதை கயிறு மாதிரி முறுக்கி நின்றது. தொடை நடுங்கியது. முழு பலத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

பெடல் மேலே சும்மா நின்றது. கால் அதன் விளிம்பிலிருந்து வழுக்கி, பக்கத்தில் இறங்கி, ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மடங்கியிருந்தன. வேறு யாருக்காவது என்றால் வலி உயிர் போகும்.

"பிடிச்சாச்சு," என்றார் அவர், பின்சக்கரத்துக்குக் கேட்கும்படி.

தையலம்மா வந்த வழியே, சத்தமில்லாமல் பின்னால் போனாள். சாக்கில் உட்கார்ந்தாள். ஸ்பானரைக் கையில் எடுத்தாள், வைத்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னால்தான் எடுப்பார்.

"விடுங்க," என்றாள்.

சந்தில் முதல் தூறல் விழுந்தது. காரின் கூரையில் பட்பட்டென்று சத்தம் கேட்டது. அவள் மனது வேகவேகமாக ஒரு கணக்குப் போட்டது. இப்படியே விட்டுவிடலாம். பிரேக் சரியாகவில்லை, என்ன செய்தும் சரியாகவில்லை. பழியைக் கார் சுமக்கட்டும். பழைய வண்டி, அதற்கு ஒன்றும் வருத்தமில்லை. டாக்ஸி வரட்டும். பிறகு மெதுவாக, ஒரு நாள் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

"ரைட்டு சொன்னதுதான் சரி போலிருக்கு," என்று முன்னாலிருந்து அவரே ஆரம்பித்தார். "மாஸ்டர் சிலிண்டர்தான். இன்னைக்கு எங்க போய் வாங்கறது?"

"ஆமாங்க," என்றாள் அவசரமாக. "அதான். விட்டுடுங்க. மாப்பிள்ளையையே டாக்ஸி..."

"அட, அதுக்கு ஏன் டாக்ஸி? சும்மா நாலு தடவ பம்ப் பண்ணினா பெடல் மேல வருதுல்ல. பம்ப் பண்ணிப் பம்ப் பண்ணி ஓட்டிடுவேன். எறக்கத்துல செகண்ட் கியர்ல போட்டுட்டா வண்டியே தானாப் பிடிச்சுக்கும். கம்பெனில எத்தன வண்டி அப்படி ஓட்டிருக்கேன். நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லாத, பயப்படுவா."

தையலம்மா முழங்கையை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். மழை அவள் கழுத்தில் விழுந்தது. மகள் பின்சீட்டில், அவள் தைத்த நீல உறையின் மேல், தலை சாய்த்துத் தூங்குவது மனக்கண்ணில் தெரிந்தது. மடியில் அந்தச் சின்னக் கை.

"மாஸ்டர் சிலிண்டர் இல்ல," என்றாள்.

"என்ன?"

"அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. எப்ப மூடணும்னு புரியல. நீங்க கீழ வாங்க. பழையபடி பண்ணலாம்."

"முட்டி?"

"தலகாணி போடறேன். ஒரே ஒரு தடவ."

தையல் நாற்காலியில் போடும் மெத்தையைக் கொண்டுவந்து சாக்கின் மேல் போட்டாள். அவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, மெல்ல இறக்கினாள். முட்டி மடங்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளை அழுத்தினார். அங்கே வலி தெரிந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெடலுக்குப் பக்கத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைத் தள்ளிவிட்டுக் காலை வைத்தாள். கீழே அவர் பழைய ஆளாகிவிட்டார், குரலிலேயே தெரிந்தது.

"அடி."

அடித்தாள். "பிடிச்சாச்சு."

பெடல் காலோடு இறங்கியது. தரையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏ அப்பா. எவ்ளோ குமிழு," என்றார். பிறகு, "விடு."

"அடி... விடு. அடி... விடு." மழை லேசாக வலுத்தது. நிறுத்தலாமா என்று இருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குமிழிகள் சிறுத்து, ஊசி முனைபோல ஆகி, அதுவும் நின்றது. சுத்தமான எண்ணெய். அவர் இன்னும் ஒரு தடவை பார்த்தார். இறுக்கி மூடினார்.

"அடிச்சுப் பாரு. பெடல் எப்படி இருக்கு?"

அடித்தாள். பாதியில், பாதிக்கும் முன்னாலேயே, அது நின்றது. அவள் எழுந்து நின்று மிதித்தாலும் இறங்காது.

"கல்லு மாதிரி இருக்குங்க."

"பிடிச்சுக்கோ. ஒழுகுதான்னு பாக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். கீழே ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கூரையில் மழை. வைப்பர் ஓடாத கண்ணாடியில் தெரு கரைந்துகொண்டிருந்தது.

"ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவர் பேசினார். பழுது பார்க்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாரே, அந்தக் குரலில்.

"அதே சிலிண்டரு. அதே நிப்பிளு. ஆயிலும் அதேதான்." நிறுத்தினார். "நீ காலையிலேருந்து மூடினது சரிதான். உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஊசில நூலு கோக்கற கண்ணு."

அவள் ஓரமாகக் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"பாத்தியா?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"கால் எங்க இருந்துச்சு?"

"கீழ."

"கீழன்னா? பெடலுக்குக் கீழயா?"

"தரையில. விரிப்பு மேல."

"நான் பிடிச்சாச்சுன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எப்பவும் போலவா?"

"எப்பவும் போலத்தான்."

அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. காரின் முழு நீளமும் இருவருக்கும் நடுவில் இருந்தது. முகம் தெரியவில்லை. ஒருவேளை தெரிந்திருந்தால் அவர் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டார்.

"போன வாரம் ஆஸ்பத்திரிலேருந்து வந்தோம்ல. அந்த ரெண்டாவது வளைவுல, கால் பிரேக்குல இருக்கா ஆக்ஸிலேட்டர்ல இருக்கான்னு தெரியல. குனிஞ்சு பாத்தேன்."

"ஓட்டிட்டிருக்கும்போதா?"

"ஆமா."

"நான் வண்டிலதான இருந்தேன்."

"நீ தூங்கிட்ட."

தையலம்மா கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "ஏங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் கேள்வி மாதிரி வரவில்லை.

"சொன்னா நீ என்ன பண்ணிருப்ப?"

யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுதான்."

"அதான்."

"டாக்டர்கிட்ட போலாம்."

"போனேனே. டயர் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்கு. தூண்டில் நரம்பு மாதிரி எதையோ வச்சுக் காலுல குத்திக் குத்திக் கேட்டாரு, தெரியுதா தெரியுதான்னு. தெரியுது தெரியுதுன்னேன்."

"தெரிஞ்சுதா?"

"அவரு கை அசையறதப் பாத்துச் சொன்னேன்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வண்டியையும் காதை வச்சுத்தான் ஓட்டினேன் இத்தன நாளு. இன்ஜின் சத்தம் எறங்குச்சுன்னா பிரேக்குல கால் இருக்குன்னு அர்த்தம். இன்னைக்கு இன்ஜின் ஓடல. அதான் மாட்டிக்கிட்டேன்."

சுவருக்கு அப்பால் கண்டக்டர் வீட்டில் யாரோ துணிகளை அவசரமாக எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"மழைல நனையறீங்க," என்றாள்.

"பாதிதான் நனையறேன். மீதி வண்டிக்குக் கீழ இருக்கு."

முன்னறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. தையல் எந்திரத்தின் மேல் வைத்திருந்தாள். மரப்பலகையில் அது அதிர்வது இங்கே வரைக்கும் கேட்டது. இந்நேரத்துக்கு மகள்தான். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பாள்.

"போனு," என்றாள் தையலம்மா.

"கேக்குது."

அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். நின்றது. உடனே மறுபடியும் அடித்தது.

"மாப்பிள்ளைய டாக்ஸி சொல்லச் சொல்லிடு," என்றார் கீழேயிருந்து. "நிதானமா ஓட்டற ஆளாப் பாத்துக் கூப்பிடச் சொல்லு. முடிஞ்சா வயசான டிரைவரா." நிறுத்தினார். "இல்ல, வயசானவன் வேணாம்."

"அவ கேப்பாளே. என்னன்னு சொல்றது?"

போன் அடித்து ஓய்ந்து, மீண்டும் அடித்தது. அவள் காலுக்கு அடியில் பெடல் அசையாமல் கல்லாக நின்றது. இந்த வண்டியை வாங்கின நாளிலிருந்து அது இவ்வளவு உறுதியாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"பிரேக் சரியில்லன்னு சொல்லிடு," என்றார்.

"சரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க அவருக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் சீட்டில், காலைப் பெடலில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரத்திலிருந்து மழைநீர் ஓடி வந்து, சந்தின் நடுவில் கோடு போட்டது. அதில் கொஞ்சம் எண்ணெய் மிதந்து நிறம் மாறிக்கொண்டே போனது.

"என்னங்க. காலை எடுக்கவா?"

"நான் இன்னும் சொல்லலயே," என்றார்.

"இல்ல. சொல்லல."

"அப்ப இரு. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ."

முன்னறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. தையலம்மா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.